டீசல் இன்ஜின் விடும் ஏப்பம்

முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் இல்லை, பி.காம். "உனக்கெதுக்குடா கிராங்க்கேஸும் டர்போவும்?"னு கிளாஸ்ல கேட்டவங்களுக்கும், இதைப் படிச்சிட்டுக் கேட்கப் போறவங்களுக்கும் ஒரே பதில்தான். இது பாதி இன்ஜின் விஷயம், பாதி கணக்கு விஷயம். காஸ்ட் அக்கவுண்டிங்ல வர்ற ஒரு பாடம் ஒரு ரப்பர் ஹோஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க, காட்டறேன்.

எங்க ஊர் பீர்க்கன்கரணை. தாம்பரம் தாண்டி, இரும்புலியூர் தாண்டி, பெருங்களத்தூரை ஒட்டி ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமா இருக்கு. பேரூராட்சியா இருந்த ஊர், 2021-ல தாம்பரம் மாநகராட்சியில சேர்ந்தது. திருச்சியோ மதுரையோ திருநெல்வேலியோ, சென்னையிலிருந்து தெற்கே போற வண்டிகள்ல பெரும்பகுதி எங்க ஊரைத் தொட்டுட்டுத்தான் போகும். அதனால டீசல் புகைக்கும் எங்களுக்கும் ரொம்ப நாள் சொந்தம்.

புகைன்னு சொன்னா எல்லாரும் சைலன்சரைத்தான் பார்ப்போம். புகைச் சோதனைக்காரரும் குழாயை அங்கேதான் சொருகுவார். ஆனா பழைய பஸ், லாரி, வேன்ல புகை வர இன்னொரு குழாயும் உண்டு. இன்ஜினோட உடம்பிலிருந்து கிளம்பி, கீழே ரோட்டைப் பார்த்துத் தொங்கும். மெக்கானிக்குகள் அதை "பிரீதர்"னு சொல்வாங்க. பஸ் ஸ்டாப்ல வண்டி நிற்கும்போது குனிஞ்சு பார்த்தா, அதிலிருந்து வெள்ளையா மெல்லிசா ஒரு புகை வந்துட்டே இருக்கும். அதுதான் தலைப்புல சொன்ன ஏப்பம்.

ஏப்பம் ஏன் வருது?

டீசல் இன்ஜின்ல தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள்ள காற்றைப் போட்டு ரொம்ப இறுக்கி அழுத்துவாங்க. அந்தச் சூட்டுலயே டீசல் பத்திக்கும். எரியும்போது வர்ற அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல காவல் நிக்கறது இரும்பு வளையங்கள், அதாவது பிஸ்டன் ரிங். ரிங்கை மாட்டறதுக்கும் சூட்டுல விரியறதுக்கும் அதுல ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது வழியாவும் ஓரங்கள் வழியாவும் கொஞ்சம் கேஸ் கீழே நழுவிடும். ஷோரூமிலிருந்து நேத்து எடுத்த வண்டியிலயும் நழுவும். புத்தகத்துல இதுக்குப் பேர் புளோபை. நம்ம ஒர்க் ஷாப்ல "பேக் கம்ப்ரஷன்".

நழுவின கேஸ் போய்ச் சேர்ற இடம் கிராங்க்கேஸ். அங்க கிராங்க் சுத்திட்டிருக்கு, பிஸ்டனைக் குளிரவைக்க அடியிலிருந்து ஆயில் பீச்சி அடிக்குது. மொத்தத்துல எண்ணெய் மழை. சூடான கேஸ் இந்த மழைக்குள்ள புகுந்து வெளியே வரும்போது, நுண்ணிய எண்ணெய்த் துளிகள், கரி, நீராவி, எரியாத டீசல்னு எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு வரும்.

இதை வெளியே விடாம மூடி வைக்க முடியாது. குக்கர்ல வெயிட் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? சேஃப்டி வால்வு போகும், இல்லேன்னா கேஸ்கெட் பிதுங்கும். இங்கயும் அதே கதைதான். ஆயில் சீல் பிதுங்கி, கண்ட இடத்துல ஆயில் கசியும். டர்போ இருக்கிற வண்டின்னா இன்னொரு வம்பு. டர்போவோட பேரிங்குக்குப் போன ஆயில், தானா கீழே வடிஞ்சு கிராங்க்கேஸுக்குத் திரும்பணும். அங்க அழுத்தம் ஏறிட்டா ஆயில் இறங்காது. டர்போவோட சீல் வழியா காற்றுப் பக்கமோ சைலன்சர் பக்கமோ கசிய ஆரம்பிக்கும். "டர்போ போச்சு"ன்னு புது டர்போ மாட்டின சில வண்டிகள்ல, உண்மையில கெட்டுப் போயிருந்தது இந்த மூச்சுக் குழாயாகவும் இருக்கலாம்.

டர்போ வண்டியில ஏப்பமே கொஞ்சம் பெருசுதான். சிலிண்டருக்குள்ள அழுத்தம் அதிகம். போதாததுக்கு டர்போவோட சீல்கள் வழியா கசியற காற்றும் ஆயிலோட சேர்ந்து கிராங்க்கேஸுக்கு வந்துடும்.

ரோட்டுக் கணக்கு

ரொம்ப காலம் உலகம் முழுக்க இதுக்கு ஒரே வைத்தியம்தான். குழாயைக் கீழே இறக்கி ரோட்டுல விட்டுடறது. எண்ணெய் சொட்டி, லேனோட நடுவுல நீளமா கறுப்புக் கோடு விழும். பஸ் ஸ்டாப்ல, சிக்னல்ல அது திட்டுத் திட்டா தெரியும். முதல் மழைக்கு டூவீலர் வழுக்கறதுக்கு அதுவும் ஒரு பங்காளி.

லாஸ் ஏஞ்சலஸ்ல புகைமூட்டம் தாங்க முடியாம ஆராய்ச்சி பண்ணினப்போ, பெட்ரோல் கார் வெளியே விடற ஹைட்ரோகார்பன்ல சுமார் ஐந்துல ஒரு பங்கு சைலன்சர்லருந்து வரலை, இந்த மூச்சுக் குழாயிலருந்து வருதுன்னு தெரிஞ்சது. 1961 மாடல் கார்கள்லருந்து கலிஃபோர்னியாவுல அந்தக் குழாயைத் திருப்பி இன்ஜினோட காற்றுப் பாதையிலயே சொருகினாங்க. காரோட புகையைக் கட்டுப்படுத்த வந்த முதல் கருவின்னு இதைச் சொல்லுவாங்க. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான்.

டர்போ டீசலுக்கு மட்டும் சலுகை நீடிச்சது. எண்ணெய்க் கேஸை உள்ளே விட்டா டர்போவும் இன்டர்கூலரும் நாசமாயிடும்னு காரணம் சொன்னாங்க. கனரக வண்டிகளுக்கு அமெரிக்காவுல அந்தச் சலுகை 2007 மாடலோட முடிஞ்சது. ஒண்ணு மூடணும், இல்லே வெளியே விட்டா அதையும் சைலன்சர் புகையோட சேர்த்து எண்ணணும். யூரோ-6 விதியிலயும் இதே கணக்குத்தான். நம்ம நாட்டுல பி.எஸ்.-5-ஐத் தாண்டிக் குதிச்சு 2020 ஏப்ரல் 1-ல பி.எஸ்.-6 வந்தது. ஆனா ரோட்டுல ஓடற வண்டி எல்லாம் அன்னைக்குப் பிறந்ததில்லையே!

உள்ளே விட்டா என்ன ஆகும்?

டீசல் வண்டியில இந்த ஹோஸை ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல மாட்டுவாங்க. ரோடு சுத்தம். இப்போ வம்பு வண்டிக்கு.

அடுப்படியில பஜ்ஜி போடற வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொட்டுப் பாருங்க. பிசுக்கு கையை விடாது. டர்போவோட காற்றுச் சக்கரத்துலயும் அதே பிசுக்குத்தான். அழுத்தின காற்று நல்லா சுட்டுப் போகும். பிசுக்கு அந்தச் சூட்டுல கருகிப் படிஞ்சா சக்கரத்தோட திறன் குறையும். மிச்ச எண்ணெய் இன்டர்கூலர்ல போய்த் தங்கும். அதையும் தாண்டினது, இ.ஜி.ஆர். வழியா திரும்ப வர்ற கரியோட கலந்து இன்டேக் மேனிஃபோல்டுல தார் மாதிரி அப்பிக்கும். காற்றுப் பாதை வருஷா வருஷம் குறுகும்.

பயப்பட வேண்டிய இடம் இன்னொண்ணு இருக்கு. இன்டர்கூலர்ல எண்ணெய் நிறைய தேங்கி, ஒரு நாள் மேடு ஏறும்போது மொத்தமா இன்ஜினுக்குள்ள போச்சுன்னா, இன்ஜின் அதையே எரிபொருளா எடுத்துக்கும். சாவியைத் திருப்பினா டீசல் நிற்கும், இன்ஜின் நிற்காது! தன்னோட ஆயிலையே குடிச்சிட்டு வெறி பிடிச்ச மாதிரி ஓடும். நிறுத்தணும்னா காற்றை அடைக்கணும், இல்லேன்னா பிரேக்கை அழுத்திப் பிடிச்சு டாப் கியர்ல போட்டுக் கிளட்சை விட்டு மூச்சடைக்க வைக்கணும். (கையை வெச்சுக் காற்றை அடைக்கலாம்னு யாரும் கிட்ட போயிடாதீங்க.) சில புது வண்டிகள்ல காற்றுப் பாதையை மூடவே ஒரு தட்டு வெச்சிருக்காங்க.

ஆக, ரோட்டுல விட்டா ஊருக்கு நஷ்டம், உள்ளே விட்டா வண்டிக்கு நஷ்டம். நடுவுல இருக்கிற ஒரே வழி, கேஸ் வேற எண்ணெய் வேறன்னு பிரிச்சிட்டு, கேஸை மட்டும் உள்ளே அனுப்பறது.

பிரிக்கிறது எப்படி?

கேட்க லேசா இருக்கும். துளியோட அளவுதான் பிரச்சினை. நம்ம தலைமுடி சுமாரா 70 மைக்ரான் கனம். கிராங்க் அடிச்சுத் தெறிக்க விடற துளிகள் பெருசு. அதுக்கு எதிர்ல ஒரு தகடு வெச்சாலே போதும். கேஸ் வளைஞ்சு போயிடும், கனமான துளி வளைய முடியாம தகட்டுல மோதி வடிஞ்சிடும். இட்லிப் பானை மூடியில தண்ணி முத்து முத்தா நிற்கிறதைப் பார்த்திருப்பீங்க, ஏறக்குறைய அந்த மாதிரி. நிறைய கார்கள்ல வால்வு கவருக்குள்ள இப்படி வளைஞ்சு வளைஞ்சு போற பாதையோ, கேஸைச் சுழற்றி விடற சின்ன சைக்ளோனோ இருக்கும்.

சூட்டுல ஆவியாகி மறுபடி குளிர்ந்து உருவாகிற துளிதான் கில்லாடி. ஒரு மைக்ரானுக்கும் கீழே. கேஸ் எந்தப் பக்கம் வளைஞ்சாலும் கூடவே வளையும். அதைப் பிடிக்க மெல்லிய கண்ணாடி இழைகளாலான ஃபில்டர் வேணும். துளி தள்ளாடித் தள்ளாடி இழையில ஒட்டும், பக்கத்துத் துளியோட சேரும், பெருசாகும், வடியும். ஆனா இழை நெருக்கமா இருந்தா கேஸ் போகவும் கஷ்டம். கிராங்க்கேஸ்ல அழுத்தம் ஏறிடும், பழைய குக்கர் கதை மறுபடி ஆரம்பம். அதனாலதான் இந்த ஃபில்டரைக் காலாகாலத்துல மாத்தணும். அடைச்சுக்கிட்டா கேஸ் தப்பிக்க பைபாஸ் வால்வும் வைப்பாங்க.

பிடிச்ச எண்ணெயைத் திருப்பி அனுப்பறதுலயும் சூட்சுமம் இருக்கு. பிரிக்கிற டப்பாவுல இருக்கிற அழுத்தம் கிராங்க்கேஸைவிடக் குறைவு. சும்மா ஒரு குழாயைக் கீழே விட்டா எண்ணெய் இறங்கறதுக்குப் பதிலா கேஸ் மேலே ஏறும். அதனால குழாயோட வாயை ஆயில் மட்டத்துக்குக் கீழே முக்கி வைப்பாங்க, இல்லே ஒருவழி வால்வு போடுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பெரிய லாரிகள்ல வர்ற முறை. அதோட தாத்தா ஒரு பால் மெஷின்! ஸ்வீடன்ல குஸ்டாஃப் டி லாவல் 1878-ல பாலைச் சுழற்றி வெண்ணெய்ச் சத்தைப் பிரிக்கிற மெஷின் பண்ணினார். அவர் வழி வந்த ஆல்ஃபா லாவல் கம்பெனி, ஹால்டெக்ஸோட சேர்ந்து 2004 வாக்குல அதே தத்துவத்தை லாரி இன்ஜினுக்குக் கொண்டுவந்தது. பேர் ஆல்ஃப்டெக்ஸ். கூம்புத் தட்டுகளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, இன்ஜினோட ஆயில் அழுத்தத்தாலயே வேகமாச் சுழல விடறாங்க. நடுவுல கேஸ் போகும்போது எண்ணெய்த் துளி தட்டுல ஒட்டி ஓரத்துக்குப் பறந்துடும். மாத்த ஃபில்டரும் கிடையாது. ஆவின்லயும் வெண்ணெய் பிரிக்கிறது இதே தத்துவத்துலதான்.

ரயில்லயும் உண்டு. பழைய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின்ல இந்தப் புகையை உறிஞ்சி வெளியே தள்ள மோட்டார் வெச்ச ஒரு விசிறியே இருக்கும். பின்னாடி வந்த ஜி.எம். வகை டபிள்யூ.டி.ஜி.-4-ல கம்பி வலை வெச்ச செப்பரேட்டர். சைலன்சர் புகையோட வேகமே உறிஞ்சும், எண்ணெய் வலையில தங்கித் திரும்ப வடியும். ரயில்வே இவ்வளவு மெனக்கெடறது வீண் இல்லை. மூடின இடத்துல எண்ணெய் மூட்டமும் காற்றும் சரியான அளவுல சேர்ந்து, சூடேறின ஒரு பாகம் கிடைச்சா வெடிக்கும். 1947 செப்டம்பர்ல ரெய்னா டெல் பசிஃபிகோங்கிற கப்பலோட டீசல் இன்ஜின்கள் அப்படி வெடிச்சு 28 பேர் செத்தாங்க.

சித்தப்பா வேன்

இதெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் சித்தப்பாவோட வேன். பீர்க்கன்கரணையிலயும் பெருங்களத்தூர்லயும் ஆள் ஏத்தி, ஒரகடத்துல ஒரு ஃபாக்டரிக்கு ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடும். அந்த ஒப்பந்தம்தான் எங்க ரெண்டு வீட்டுக்கும் சோறு, எனக்கு காலேஜ் ஃபீஸ். மூணு லட்சம் கிலோமீட்டர் தொடப் போற டர்போ டீசல். இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டினா ஆயில் ஒழுகிச்சு.

மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி ரொம்ப எளிது. "பிரீதர் ஹோஸைக் கழட்டிக் கீழே விட்டுடலாம். எல்லாரும் பண்றதுதான். ரிங் பார்க்கணும்னா இன்ஜின் இறக்கணும், பத்து நாள் வண்டி நிற்கும்." பத்து நாள் நின்னா ஒப்பந்தம் வேற வேன்காரருக்குப் போயிடும். அவர் சொன்னதுல பொய் எதுவும் இல்லை.

சித்தப்பா சரின்னு தலையாட்டிட்டார். ஹோஸ் கீழே போன மூணாவது நாள், பின் சீட்ல வர்ற அக்கா, "சிக்னல்ல நின்னா ஒரு நாத்தம் வருது சார், தலை வலிக்குது"ன்னாங்க. அவங்க உள்ளே உட்கார்ந்திருந்ததால சொன்னாங்க. ரோட்டுல நிற்கிறவங்க யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்க?

இங்கதான் என் பாடம் உள்ளே வருது. பிராசஸ் காஸ்டிங்ல சாதாரண இழப்பு, அசாதாரண இழப்புன்னு ரெண்டு உண்டு. நூறு கிலோ போட்டா அஞ்சு கிலோ எப்படியும் போகும்னா அது சாதாரண இழப்பு, மிச்ச 95 கிலோ அதோட செலவைச் சுமக்கும். அதுக்கு மேல போனது அசாதாரணம். அதுக்குத் தனிக் கணக்கு எழுதி லாப நஷ்டத்துல காட்டணும். ஏப்பமும் அப்படித்தான். எந்த இன்ஜினும் விடும். எவ்வளவு வரைக்கும் சாதாரணம்ங்கிறதுதான் கேள்வி. புகையா ரோட்டுல போனா அதை எழுத முடியாது. அளக்க முடியாததை எந்தக் கணக்குல ஏத்தறது? தமிழ்ல பணத்தைச் சுருட்டினவனை "ஏப்பம் விட்டுட்டான்"னு சொல்றோம். கணக்கில்லாம காணாமப் போனதுக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை இல்லை.

ஹோஸைப் பழையபடி மாட்டி, நடுவுல ஒரு கேட்ச் கேன் வெச்சோம். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்ல இருக்குமே, அந்த டப்பாவோட அண்ணன். வெறும் டப்பா அவ்வளவா பிடிக்காது. உள்ளே கம்பி வலையும் தடுப்பும் இருக்கணும். அது ஃபைன் துளி எல்லாத்தையும் பிடிச்சிடாது, ஆனா எங்களுக்குப் போதும். ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் சித்தப்பா அதைக் காலி பண்ணி, இருமல் மருந்து மூடியால அளந்து, டைரியில எழுதினார்: 40 மில்லி, 45, 60, 95, 150. (மழை பெய்ஞ்ச வாரம் பால் விட்ட காபி நிறத்துல இருந்துச்சு. அது தண்ணி கலந்தது, அந்த வாரத்தை எண்ணலை.)

150 மில்லி ஆயிலோட விலை அறுபது ரூபாய் வரும். அறுபது ரூபாய்க்கு யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஆனா வரிசையைப் பாருங்க. அஞ்சாயிரம் கிலோமீட்டருக்குள்ள கிட்டத்தட்ட நாலு மடங்கு. இது சாதாரண இழப்பு இல்லை. டைரியைப் பார்த்ததும் மெக்கானிக் அண்ணனே கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தார். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு. ஆயுத பூஜை லீவோட ரெண்டு வார ஞாயிறுகளைச் சேர்த்து, அந்த நாட்களுக்கு மாற்று வேன் பேசிவெச்சு, இன்ஜினை இறக்கி ரிங் மாத்தினாங்க. அறுபதாயிரத்துக்குக் கிட்ட ஆச்சு. கஷ்டமான தொகைதான், சித்தி வளையல் அடகுக்குப் போச்சு. ஆனா டர்போவும் சேர்ந்து போயிருந்தா ரெண்டு லட்சம், ஒப்பந்தமும் கிடையாதுன்னார் அண்ணன்.

இப்போ ஆயிரம் கிலோமீட்டருக்கு 30 மில்லி. டைரி இன்னும் ஓடுது.

உங்க வீட்டுல டீசல் வண்டி இருந்தா மூணு விஷயம் பாருங்க. இன்ஜின் ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி, தலைகீழா அந்த வாய் மேலயே வையுங்க (சூடான ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க). லேசா ஆடினா சரி, தூக்கி எறிஞ்சா ரிங்கைச் சோதிக்கணும். அடுத்து, பிரீதர் ஃபில்டர் இருக்கிற வண்டின்னா கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க. பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. மூணாவது, பிரீதர் ஹோஸ் ஏர் ஃபில்டர் பக்கம் போகுதா, யாராவது கழட்டிக் கீழே விட்டிருக்காங்களான்னு குனிஞ்சு பாருங்க. கீழே தொங்கிச்சுன்னா உங்க வண்டியோட இழப்பு பின்னாடி டூவீலர்ல வர்றவர் கணக்குல ஏறிட்டிருக்கு. நாளைக்குக் காலேஜுக்குப் போகும்போது அந்த டூவீலர்ல வர்றது நானாவும் இருக்கலாம் :-)